எட்டாவது கல்

வெள்ளிக்கிழமை காலையில் கன்னியம்மாள் மஞ்சள் கிண்ணத்தோடு தோப்புக்கு வந்தபோது வேப்பமரத்தடியில் கன்னிமார் ஏழு பேரும் இல்லை. ஏழு பள்ளங்கள் மட்டும் இருந்தன. ஒன்றில் தண்ணீர் ஊறியிருந்தது, இன்னொன்றில் எறும்பு ஊர்ந்தது. மரம் மாறி வந்துவிட்டோமோ என்று நிமிர்ந்து பார்த்தாள். அதே மரம்தான். அப்புறம்தான் புகை வாடை வந்தது. முப்பதடி தள்ளி, கூடாரங்களுக்குப் பின்னால், மூன்று அடுப்புகளில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக் கற்களை அவள் ஒரு தரம் பார்த்தாள். மறுதரம் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

அம்பத்தூர் ஏரிக்கரையை ஒட்டிய அந்தத் தோப்பு ஜில்லா போர்டுக்குச் சொந்தம். மரத்தை வெட்டாதே, நெருப்பை அணைத்துவிட்டுப் போ என்று இரண்டு பாஷைகளில் பலகை இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டணத்துக் குடும்பங்கள் ரயிலேறி வந்து, சமுக்காளம் விரித்து, புளியோதரை தின்றுவிட்டு, மாலை வண்டிக்குத் திரும்பிவிடுவார்கள். ஊர் அதைக் கண்டுகொண்டதில்லை. ஆனால் பூந்தமல்லி மிஷன் பள்ளிக்கூடத்து ஜெயகுமாரி டீச்சர் பன்னிரண்டு பெண்களை இரண்டு மாட்டு வண்டிகளில் ஏற்றிக்கொண்டு வந்து மூன்று நாள் கூடாரம் போட்டுத் தங்கப்போகிறாள் என்றதும் ஊருக்குச் சோறு இறங்கவில்லை. வீடு வாசல் இருக்கிற பிள்ளைகள் எதற்காகத் துணிக்கடியில் படுக்க வேண்டும் என்பது ஒரு கேள்வி. கல்யாண வயதுப் பெண்கள் விசில் சத்தத்துக்கு ஓடிவந்து வரிசையில் நிற்பது என்ன லட்சணம் என்பது இன்னொன்று. பெண்களோ கொடிக்குக் கீழே நின்று இங்கிலாந்து ராஜாவை வாழ்த்தும் பாட்டைப் பாடினார்கள். அந்த ஒரே வருஷத்தில் அவர் மூன்றாவது ராஜா. பாட்டு மாறவில்லை.

கன்னியம்மாளை அவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவர அமர்த்தியிருந்தார்கள். ஐந்து மாத வயிற்றோடு குடம் சுமக்கலாமா என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இதுவும் தங்காவிட்டால் புருஷன் வரதனுக்கு அவனுடைய அக்காள் மகளைக் கட்டிவைப்பது என்று மாமியார் முத்தம்மாள் வாய்விட்டே சொல்லியிருந்தாள். வரதன் அதற்குச் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவன் பேசாமலிருந்ததுதான் கன்னியம்மாளுக்கு வலித்தது. அவள் பெயரே கன்னிமார் பெயர். ஏழு வெள்ளிக்கிழமை ஏழு பேருக்கும் தன் கையால் மஞ்சள் பூசிக் குங்குமம் வைப்பதாக வேண்டிக்கொண்டாள். ஆறு முடிந்துவிட்டது. இன்று ஏழாவது.

ஜெயகுமாரி டீச்சர் கையில் விசிலோடு அவளிடம் வந்தாள். இருபத்தாறு வயது, ஒல்லி. இந்த முகாமுக்கு அனுமதி வாங்க இரண்டு வருஷம் மனுப் போட்டவள். "என்ன கன்னியம்மா, குடத்தைக் காணோம்?"

"எங்க சாமிங்க, டீச்சரம்மா," என்றாள் கன்னியம்மாள். அடுப்பைக் காட்டினாள். "அதும்மேல சோறு வேவுது."

டீச்சர் வேப்பமரத்தைப் பார்த்தாள், பள்ளங்களைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள். அவளுக்குக் கல்லில் நம்பிக்கை கிடையாது. ஆனால் ஊர் திரண்டு வந்தால் என்ன ஆகும் என்பதில் சந்தேகமும் கிடையாது. முகாம் இன்றோடு முடியும். தலைமையாசிரியை இனி ஜென்மத்துக்கும் ஒரு பெண்ணையும் வெளியே அனுப்பமாட்டாள். "யாருடி இந்தக் கல்லை எடுத்தது?" என்றாள்.

சகாயமேரி என்ற பதின்மூன்று வயதுப் பெண் கரண்டியோடு எழுந்து நின்றாள். "நாங்கதான் டீச்சர். கல்லு எங்க கிடைக்கும்னு நேத்து இவங்களைத்தான் கேட்டோம். இவங்கதான் அந்தப் பக்கம் காட்டினாங்க."

உண்மைதான். நேற்றுப் பொழுது சாய்கிற நேரத்தில் இடுப்பில் குடத்தோடு வந்தவளை இந்தப் பெண் கேட்டது. கை ஒழியாததால் கன்னியம்மாள் மோவாயால் காட்டினாள். "அந்தாண்ட கீது பாரு." அவள் மனத்தில் இருந்தது மதகடிக் கற்குவியல். மதகுக்குப் போகிற வழியில் வேப்பமரம் நிற்கிறது என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. செவ்வாயன்று பெய்த மழையில் மஞ்சளும் குங்குமமும் கழுவிப் போயிருக்க வேண்டும். வெறும் கல்லைக் கல் என்று எடுத்த பிள்ளைகளை என்ன சொல்வது. அவள் வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டாள். சாமிகளை அடுப்புக்கு அனுப்பியது தன் மோவாய்தான் என்றால் பிள்ளை வரம் கேட்க இனி யாரிடம் போவாள்?

"அடுப்பை அணைங்கடி. பானையை இறக்குங்க," என்றாள் டீச்சர்.

"வேண்டாம் டீச்சரம்மா. பாதியில எறக்கக் கூடாது. வேவட்டும்."

சோறு வேகும்வரை அப்படியே நின்றார்கள். ஒரு பானை பொங்கி வழிந்து கல்லில் கஞ்சி இறங்கியது. ஆடியில் ஊர் கூடிப் பொங்கல் வைக்கும்போது கற்களுக்கு முன்னால் இப்படித்தான் பொங்கும். கன்னியம்மாளுக்குக் கும்பிடுவதா வேண்டாமா என்று தெரியவில்லை. கை தானாக ஒருமுறை உயர்ந்து இறங்கியது.

"ஊர்ல சொல்லுவியா?" என்று டீச்சர் மெல்லக் கேட்டாள்.

"நான் எப்டி சொல்றது? காட்னது நான்." மஞ்சள் கிண்ணத்தைக் காட்டி, "வயித்துல கீது, டீச்சரம்மா. மூணாவது. ரெண்டு தங்கல. இன்னியோட ஏழு வாரம்," என்றாள்.

டீச்சர் விசிலை இடுப்பில் செருகினாள். அதற்குப் பிறகு அவளும் பெண்களோடு உட்கார்ந்து கல் தேய்த்தாள். மணல் போட்டு, சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் கரி போகத் தேய்த்தார்கள். மிஷன் பள்ளிக்கூடம் சுத்தத்துக்குப் பெயர் போனது. எத்தனையோ வருஷத்து எண்ணெய்ப் பிசுக்கும் சேர்ந்து போய், கற்கள் ஆற்றிலிருந்து அன்றைக்குத்தான் எடுத்தவைபோல வெளுத்துக் கிடந்தன.

மூன்று அடுப்புக்கு ஒன்பது கல். அதில் ஒன்று மதகுப் பலகைக் கல் என்பது பார்த்தவுடனே தெரிந்தது, அதை ஒதுக்கினார்கள். மிச்சம் எட்டு. எட்டில் எதைக் கேட்டாலும் அது மரத்தடியில் எடுத்ததுதான் என்று யாராவது ஒரு பெண் சத்தியம் செய்தாள். டீச்சர் கன்னியம்மாளைப் பார்த்தாள். "உனக்குத் தெரியுமே. எது இல்லை, சொல்லு."

கன்னியம்மாளுக்குத் தெரியவில்லை. ஆறு வாரம் தொட்டுப் பூசியவள்தான். ஆனால் அவள் அறிந்ததெல்லாம் மஞ்சள் முகங்கள். குளித்து முகம் கழுவிய இந்த எட்டுப் பேரும் அவளுக்குப் புதியவர்கள். ஒன்றை விலக்கலாம். விலக்கியது கன்னிமாரில் ஒருத்தியாக இருந்துவிட்டால்?

"எட்டையும் வெச்சிருங்க," என்றாள்.

ஏழு பள்ளத்தில் ஏழு. எட்டாவதுக்கு சகாயமேரி கரண்டிக் காம்பால் ஒரு பள்ளம் தோண்டினாள். மடை திறக்கிற ஜம்புலிங்கம் அப்போது ஏரிக்கரையில் தலை தெரிய வந்துகொண்டிருந்தான். ஆடிப் பொங்கலில் முதல் கற்பூரம் காட்டுகிறவன் அவன்தான். கன்னியம்மாள் குந்தி உட்கார்ந்து பூச ஆரம்பித்தாள். ஏழு பேருக்கென்று அளவாக அரைத்த மஞ்சள். ஏழாவது கல்லோடு கிண்ணம் வழித்தெடுத்தாயிற்று. எட்டாவது கல் வெறுமனே நின்றது.

அவள் இடுப்பை ஒரு கையால் தாங்கிக்கொண்டு முன்னால் குனிந்தாள். கழுத்துத் தாலிச் சரட்டை வெளியே இழுத்து, பள்ளத்துத் தண்ணீரில் நனைத்து, எட்டாவது கல்லின்மேல் தேய்த்தாள். காலையில் குளித்துப் பூசிய மஞ்சள் கொஞ்சம் இறங்கியது. முந்தானையில் முடிந்து வந்த குங்குமம் எட்டுக்கும் போதுமான அளவு இருந்தது.

ஜம்புலிங்கம் வந்தான். தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, கண்ணை மூடிக் கும்பிட்டான். "இன்னா கன்னியம்மா, ஏழு வாரம் முட்ச்சிட்டியா?"

"முட்ச்சிட்டேன் அண்ணாத்தே."

அவன் எண்ணவில்லை. மதகுப் பக்கம் போய்விட்டான். கூடாரத்துப் பக்கம் தட்டுகள் எடுக்கிற சத்தம் கேட்டது. கன்னியம்மாள் எழுந்திருக்கவில்லை. ஈரச் சரடு ரவிக்கைமேல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஏழு கற்களும் மஞ்சளாக இருந்தன. ஓரத்தில் நின்ற எட்டாவது, வெயில் ஏற ஏற, உலர்ந்து வெளுத்துக்கொண்டே வந்தது. குங்குமம் மட்டும் நின்றது.