போனை முன்னால் வைக்கவும்

என் வீட்டுக்காரர் ஸ்ரீனிவாசனுக்குத் தெரியாத விஷயம் இந்த உலகத்தில் கிடையாது. நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் போக வேண்டும், நாற்காலியில் எப்படி உட்கார வேண்டும், எந்தக் கேள்விக்குச் சிரிக்க வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துபடி. ஆனால் மனிதர் தன் வாழ்க்கையில் ஒரு நேர்முகத் தேர்வுக்குக்கூடப் போனதில்லை. என் மாமனார் கூட்டுறவுச் சங்கத்தில் வேலையில் இருக்கும்போதே மாரடைப்பில் போய்ச் சேர்ந்தார், மகனுக்கு வாரிசு வேலை கிடைத்தது. அதற்கு முன்னால் இவர் எழுதி எழுதித் தோற்ற பரீட்சைகளைப் பற்றி வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லை.

அப்பேர்ப்பட்டவர்தான் எனக்கு வாத்தியார்.

எங்கள் ஊர் கொட்டாரத்திலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் ஒரு தனியார் பள்ளிக்கூடம். பரீட்சை நாட்களில் அறைக் கண்காணிப்பாளராக நிற்க ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பம் போட்டேன். ஹாலில் நடந்து, பிள்ளைகள் காப்பி அடிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஆனால் நன்றாகச் செய்கிறவர்களை, ஆசிரியர் இடம் காலியாகும்போது முதலில் கூப்பிடுவோம் என்று விளம்பரத்திலேயே போட்டிருந்தார்கள். நான் கணக்கில் எம்.எஸ்சி., பிறகு பி.எட். கல்யாணமாகி எட்டு வருஷமாக அந்தச் சான்றிதழ்கள் பீரோவில் பட்டுச்சேலைக்கு அடியில் கிடக்கின்றன. இந்த வழியாகப் பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தால் உண்டு, இல்லையென்றால் ஆயுசுக்கும் அவியலுக்குக் காய் நறுக்க வேண்டியதுதான்.

விண்ணப்பத்தில் அவருடைய போன் நம்பரைத்தான் கொடுத்தேன். எங்கள் வீட்டில் கேஸ், ரேஷன், பால் எல்லாவற்றுக்கும் அவர் நம்பர்தான். என் கையிலும் ஒரு போன் இருக்கிறது, அதற்கும் ஒரு நம்பர் இருக்கிறது என்பது எனக்கே அந்த நேரத்தில் தோன்றவில்லை. எட்டு வருஷப் பழக்கம், வேறென்ன சொல்ல.

நேர்முகத் தேர்வு அடுத்த வாரம் புதன்கிழமை என்று சொல்லியிருந்தார்கள். என் மாமியார் அழகியநாயகி அத்தை கேட்டதும் வாயில் வெற்றிலையோடு சிரித்தார்.

"சும்மா நிக்கியதுக்கு இன்டர்வியூவா? வயலுல காக்கா வெரட்டுக பொம்மைக்கு எவன்ட்டி இன்டர்வியூ வச்சான்?"

அத்தையின் ஏளனத்தை நான் பொறுத்துக்கொள்வேன். முகத்துக்கு நேரே வரும், சோறு போட்டதும் அடங்கிவிடும். இவருடையது அப்படியல்ல. எங்கிருந்தோ கேள்வியும் பதிலும் ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொண்டுவந்து, ஆபீஸ் விட்டு வந்ததும் காப்பியைக் குடித்துக்கொண்டு பாடம் நடத்துவார்.

"உன் பலவீனம் என்னன்னு கேட்டா என்ன சொல்லுவ?"

"என்ன சொல்லணும்?"

"அளவுக்கு மீறி உழைக்கதுதான் என் பலவீனம்னு சொல்லணும். இங்கிலீஷ்ல. எங்க, சொல்லு."

சொன்னேன். உச்சரிப்பு சரியில்லை என்று தலையில் அடித்துக்கொண்டார். மத்தியானம் சங்கத்தில் மேசைமேல் தலைவைத்துத் தூங்குகிறவருக்கு அளவுக்கு மீறிய உழைப்பைப் பற்றி என்ன தெரியும்? "ஒனக்கு எங்கட்டி கிடைக்கப்போகுது, எதுக்கும் படிச்சு வை" என்று ஒவ்வொரு பாடத்தையும் முடிப்பார். வியாழக்கிழமையிலிருந்து அவர் சுறுசுறுப்பு இன்னும் கூடிற்று. சேலை மடிப்பைக்கூடத் திருத்தினார். பாவம், அக்கறையாகத்தான் செய்கிறார் என்று நானும் நினைத்தேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

சனிக்கிழமை காலை அவருக்கு லீவு. பலகாரம் முடிந்ததும் சாப்பாட்டு மேசையைத் துடைக்கச் சொன்னார்.

"இன்னைக்கு ஹால்ல நிக்கியது எப்படின்னு செய்துகாட்டணும். நான் பரீட்சை எழுதுக பையன். நீ நடந்து பாரு. மொதல்ல ஒண்ணு கேட்டுக்கோ. காப்பி அடிக்கவன் தாளைப் பாக்கமாட்டான், ஒன்னையத்தான் பாப்பான். நீ எங்க நிக்க, எப்பத் திரும்புவன்னு அவனுக்கு நோட்டமெல்லாம் அதுலதான் கெடக்கும்."

இத்தனை நாளில் அவர் சொன்னதில் உருப்படியானது அது ஒன்றுதான்.

மேசையின் மறுமுனையில் அத்தை முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தார். நான் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தேன். அவர் ஒரு வெள்ளைத்தாளை வைத்துக்கொண்டு எழுதுவதுபோல் குனிந்திருந்தார். மடியில் போன் இருந்தது. நான் பக்கத்தில் போகும்போது அதைக் கவிழ்த்தார். தள்ளிப் போனதும் எடுத்துப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். நடிக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். அடுத்த சுற்றிலும் அப்படியே. அந்த முகத்தில் வேர்வை பொடித்திருந்தது. அவ்வளவு நன்றாக நடிக்க என் வீட்டுக்காரருக்கு வராது.

"இஞ்சேருங்க, போன முன்னால வையுங்கோ."

"எதுக்கு?"

"ஹாலுக்குள்ள போன் கூடாது, எல்லாத்தையும் வாங்கி முன்னால வைக்கணும்னு நீங்கதானே மனப்பாடம் பண்ணச் சொன்னிய."

"அது பிள்ளைகளுக்குட்டி."

"இப்ப நீங்க பிள்ளைதானே?"

அத்தைக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "குடுலே சீனி. அவ என்ன, தின்னா போடுவா?"

அம்மை முன்னால் மாட்டேன் என்று சொல்ல அவருக்கு வழியில்லை. கொடுத்தார். நான் அதைக் கொண்டுபோய் டி.வி. பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மணி அடித்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி மனிதர் எழும்பினார்.

"நான் எடுக்கேன், சங்கத்துல இருந்தாக்கும்."

"ஹாலுக்குள்ள எழும்பப்பிடாது, இரிங்கோ" என்று சொல்லிவிட்டு நான் எடுத்தேன்.

"ஸ்ரீனிவாசன் சாரா? ஸ்கூல் ஆபீஸ்ல இருந்து ரெஜிஷா பேசுகேன்."

"நான் அவிய வீட்டுல. சுஜா."

"மேடம், இன்டர்வியூவ இன்னைக்கு ரெண்டு மணிக்கு மாத்தினோம்லா? சாருட்ட வியாழக்கிழமை சொல்லும்போ, உங்களுக்கு இஷ்டமில்ல, வரமாட்டியன்னு சொன்னாரு. லிஸ்ட்ல உங்களுக்க பேருதான் மேடம் மொதல்ல இருக்கு. அதான் பிரின்சிபால் இன்னொருதரம் கேக்கச் சொன்னாரு. காலையில ரெண்டுதரம் கூப்பிட்டேன், சாரு எடுக்கல்ல."

"வருவேன்" என்றேன். "ரெண்டு மணிக்கு வருவேன்."

போனை வைத்தேன். அத்தையின் கையில் பாதி நறுக்கிய முருங்கைக்காய் அப்படியே நின்றது.

"வியாழக்கிழமையே சொன்னாவளாமே?" என்று அவரைக் கேட்டேன்.

"ஒனக்க நல்லதுக்குத்தான்..." என்று ஆரம்பித்தார். "நாலுபேரு என்ன சொல்லுவான்? சீனிவாசன் பெண்டாட்டி கூலிக்குக் காவல் நிக்கான்னு சொல்லமாட்டானா? எனக்கு ஒரு மரியாதை இல்லியா?"

"பின்னே நேத்தும் முந்தாநாளும் எதுக்குப் பாடம் நடத்துனிய? எதுக்கு எனக்க சேலையத் திருத்துனிய?"

"நீ ஆசைப்பட்டே. வெசனப்பட வேண்டாம்னுதான். புதன்கிழமை ஆனா, அவியளே வேண்டாம்னு சொல்லிட்டாவன்னு சொல்லலாம்னு..."

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவார்கள் என்று கேட்டிருக்கிறேன். இந்த மனிதர் இங்கிலீஷில் தாலாட்டும் பாடியிருக்கிறார். நான் தோற்றுப்போனதாக நினைத்து ஆயுசு முழுக்கக் குன்றிக் கிடந்திருப்பேன், இவர் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொல்லியிருப்பார். எனக்கு அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது, புழு விழுந்த கத்தரிக்காயைப் பிளந்தபோது வருமே, அந்த அருவருப்பு.

அத்தைதான் முதலில் வாயைத் திறந்தார். "வேண்டாம்னா நேரா வேண்டாம்னு சொல்லப்பிடாதாலே, மூதி? நான் சொல்லல்லியா, அவ மொகத்தப் பாத்து?" பிறகு என்னைப் பார்த்தார். "நின்னுக்கிட்டு இருக்கா பாரு. கெளம்புட்டி, பஸ்ஸு போயிரும். சோறு நான் வைக்கேன்."

சேலை மாற்றினேன். சான்றிதழ்களை எடுத்துப் பையில் வைத்தேன். டி.வி. பக்கத்தில் கிடந்த அவர் போனையும் அணைத்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

"ஏட்டி, அது எனக்க போனு" என்றார்.

"பரீட்சை முடிஞ்ச பெறவுதான் திருப்பிக் குடுப்பாவ" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

பிரின்சிபால் ததேயுஸ் வயதானவர், கண்ணாடிக்கு மேலால் பார்க்கிறவர். பக்கத்தில் ரெஜிஷா கோப்புகளோடு இருந்தாள். பலவீனம் என்ன என்று அவர் கேட்கவே இல்லை.

"ஒருத்தன் காப்பி அடிக்கான்னு எப்படிங்க தெரியும்?"

அச்சடித்த இங்கிலீஷ் பதில் நாக்குவரை வந்தது. அதைத் துப்பாமல் விழுங்கிவிட்டுத் தமிழில் சொன்னேன். "தாளைப் பாக்காம என்னையவே பாப்பான் சார்."

"பிடிச்சா என்ன செய்வீங்க?"

"சத்தம் போடமாட்டேன். மத்த பிள்ளைகளுக்க எழுத்து கெட்டுப்போகும். கையில இருக்கத வாங்கி வச்சிட்டு உங்களுக்குத் தெரியப்படுத்துவேன்."

"சொல்லிரலாம். பிடிச்ச பெறவு வேண்டப்பட்டவன்னு தெரிஞ்சா விட்டுரத் தோணும். எத்தனை பேரைப் பாத்திருக்கேன். நீங்க யாரையாவது பிடிச்சிருக்கீங்களா?"

"இன்னைக்குக் காலையில ஒரு ஆளைப் பிடிச்சேன் சார். வேண்டப்பட்டவருதான்."

அவருக்குப் புரியவில்லை. ரெஜிஷாவுக்குப் புரிந்தது. கோப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டாள். பிரின்சிபால் அவளையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார், பிறகு என் சான்றிதழ்களை நிதானமாகப் புரட்டினார். கணக்கு வாத்தியார் ஒருவர் ஜூனில் ஓய்வு பெறுகிறார், அதுவரை ஹாலில் நில்லுங்கள், திங்கட்கிழமை வந்துவிடுங்கள் என்றார்.

வெளியே வந்தபோது ரெஜிஷா பின்னாலேயே வந்தாள். "மேடம், நம்பர் மாத்தணுமா?"

என் நம்பரைச் சொன்னேன். சொல்லும்போது நடுவில் ஒரு இலக்கம் மறந்துபோய் மறுபடி முதலிலிருந்து சொன்னேன்.

வீட்டுக்கு வந்தபோது அவர் அதே மேசையில், அதே நாற்காலியில் இருந்தார். சாப்பிட்ட தட்டு கழுவாமல் கிடந்தது. போன் இல்லாமல் ஒரு மத்தியானம் முழுக்க என்ன செய்வதென்று தெரியாமல் முகம் வீங்கியிருந்தது. ஆனாலும் மனிதரின் துணிச்சலைப் பாருங்கள், என்ன கேட்டார் தெரியுமா?

"நான் சொல்லிக்குடுத்ததுல ஏதாவது வந்துதா?"

"வந்துது" என்றேன். "காப்பி அடிக்கவன் எங்க பாப்பான்னு கேட்டாவ."

போனை எடுத்து அவருக்கு முன்னால் மேசையில் வைத்தேன். அவர் அதைத் தொடவில்லை, குனிந்துகூடப் பார்க்கவில்லை. நான் சேலை மாற்றி, தட்டை எடுத்துக் கழுவாமல் தொட்டியில் போட்டுவிட்டு வரும்வரைக்கும் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்தார்.