பீரோவுக்கு முன்னால் ஒரு ஸ்டுடியோ

தீர்த்தகிரிக்குப் பெருமை கொஞ்சம் கூடுதல்தான். போர்வெல் ரிக் வண்டியில் டிரில்லராகப் போய்ப் பாதி இந்தியாவில் துளை போட்ட மனுஷன். இப்போது திருச்செங்கோட்டிலேயே பட்டறை வைத்துக்கொண்டு வருகிற போகிறவர்களிடமெல்லாம் அதைச் சொல்லித் தீர்க்கிறார். சொல்லட்டும், யாருக்கு என்ன நஷ்டம்! ஆனால் அந்தப் பெருமையையெல்லாம் ஒன்றாகச் சேர்த்தாலும், மனைவி கலைமணியின் குரலைப் பற்றி அவருக்கு இருந்த பெருமைக்குப் பக்கத்தில் வராது.

ரிக் வண்டி சத்தீஸ்கரில் மாதக்கணக்கில் கிடந்த காலத்தில், கலைமணி வாரப் பத்திரிகைக் கதைகளை வாசித்து போனில் அனுப்பிவைப்பாள். சாப்பாடு முடிந்ததும் வண்டியாட்கள் எல்லோரும் அந்த போனைச் சுற்றி உட்கார்ந்துவிடுவார்கள். தமிழே தெரியாத பீகார்க்காரர் ஒருவர்கூடக் கன்னத்தில் கை வைத்துக் கேட்பார். "என்ற ஊட்டுக்காரி" என்று தீர்த்தகிரி ஒவ்வொரு கதைக்கும் ஒரு தடவை சொல்வார். தெரிந்த விஷயம்தானே என்று யாரும் அலுத்துக்கொண்டதில்லை.

அந்தக் குரலுக்கு இப்போது ஒரு வாய்ப்பு வந்திருந்தது. கதைகளை ஒலிவடிவில் தருகிற சென்னைக் கம்பெனி ஒன்றுக்குக் கலைமணி போனில் பதிந்து மாதிரி அனுப்பியிருந்தாள். "குரல் பிடித்திருக்கிறது, ஒலி சுத்தமாக இல்லை. ஞாயிறு மாலைக்குள் வேறு பதிவு அனுப்பினால் கேட்கிறோம்" என்று பதில் வந்தது. ஒலி சுத்தமாக இல்லையாம்! தீர்த்தகிரிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. ஈரோடு போய் ஒரு மைக்கும், ஆடியோ இன்டர்ஃபேஸும் வாங்கி வந்துவிட்டார். மைக்கில் பிடிக்கிற குரலைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற, டிபன் பாக்ஸ் அளவுப் பெட்டி அது. இரண்டும் வீடு வந்து சேர்ந்ததென்னவோ ஞாயிற்றுக்கிழமை காலையில்தான்.

"கிருத்திகாவக் கூப்புட்டு ஒரு வார்த்தை கேக்கலாமுங்களா?" என்றாள் கலைமணி. மகள் கோயம்புத்தூரில் விடுதியில் தங்கி இன்ஜினியரிங் படிக்கிறாள்.

"அவளுக்குப் பரீட்சை. ஆயிரம் அடி துளை போட்ட கை இது. இந்த டப்பாவ மாட்டறதுக்கு ஆளுத் தொணை வேணுமாக்கும்? கம்முனு இரு புள்ள."

படுக்கையறை ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, பீரோக் கதவுகள் இரண்டையும் விரியத் திறந்துவைத்தார். உள்ளே அடுக்கியிருந்த சேலைகள் எதிரொலியைக் குடித்துவிடும் என்று ஏதோ வீடியோவில் பார்த்திருந்தார். அவற்றைப் பார்த்தபடி கலைமணி நாற்காலியில் உட்கார்ந்தாள். மைக்குக்கு மின்சாரம் கொடுக்கிற பொத்தானை அமுக்கி, பெட்டியை லேப்டாப்பில் சொருகி, மென்பொருளைத் திறந்தார்.

"ஏதாச்சும் பேசு."

"ஏனுங்க, புழுங்குதுங்க."

திரையில் அளவுக்கோடு சும்மா கிடந்தது. மைக்கைத் தட்டினார், ம்ஹூம். எரிச்சலில் லேப்டாப் மூடியை ஒரு தட்டு தட்டினார். கோடு துள்ளிக் குதித்தது. அடக் கண்றாவியே! புது மைக்கை விட்டுவிட்டு லேப்டாப் தன் சொந்தக் காதால் கேட்டுக்கொண்டிருக்கிறது. மென்பொருளுக்குள் புகுந்து தேடி, ஒலி எங்கிருந்து வர வேண்டும் என்கிற இடத்தில் இன்டர்ஃபேஸின் பெயரைத் தேர்ந்தெடுத்தார். மறுபடி தட்டினார். மைக் பேசியது. தீர்த்தகிரி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

அடுத்து ஒலியைக் கூட்டுகிற குமிழ். கோடு பாதிதான் எழும்பியது; அவருக்குப் போதவில்லை. தாராளமாகவே திருகினார். கலைமணி வாசிக்க ஆரம்பித்ததும் குமிழைச் சுற்றிச் சிவப்பு விளக்கு எரிந்தது.

"பாத்தியா, செகப்பு எரியுது! ரெக்கார்டிங் ஓடுதுன்னு அர்த்தம்!"

"நடுவுல பேசாதீங்க" என்றவள், முதலிலிருந்து வாசித்தாள். கம்பெனி அனுப்பிய கதை அது. கடைசிப் பேருந்தைத் தவறவிட்ட ஒரு பெண், வீட்டுக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று யோசிக்கிற கதை. வாசித்து முடித்தபோது கலைமணியின் கழுத்தெல்லாம் வியர்வை. தீர்த்தகிரிக்கு நெஞ்சு விம்மியது. ஹெட்போனை மாட்டிக் கேட்டார். கணீரென்று இருந்தது. அவள் காதில் மாட்டினார்.

கலைமணியின் புருவம் சுருங்கியது. "கரகரன்னு வருதுங்களே? எண்ணெயில பொரியறாப்புல."

"எங்க? குடு." மறுபடி கேட்டார். "தங்கமாட்ட இருக்குது. ஒனக்குப் புதுசு, அதான்."

"'பஸ்ஸு'ங்கற எடத்துல கேளுங்க. நெம்பத் தெரியுது."

அந்த இடத்தைப் போட்டுக் கேட்டார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அவருக்கு எந்தக் கரகரப்பும் கேட்கவில்லை. ரிக் வண்டிக் கம்ப்ரசரின் இரைச்சலுக்குப் பக்கத்திலேயே நின்று காலத்தைக் கழித்த மனுஷனுக்கு, கொஞ்ச நாளாகவே குக்கர் விசில் காதில் விழுவதில்லை. யாராவது பேசினால் வாயைப் பார்த்தே சமாளித்துக்கொண்டிருந்தார். பட்டறையில் மற்றவர்கள் சிரித்தால் தானும் சிரித்துவைப்பார். தீர்த்தகிரிக்குக் காது மந்தம் என்று ஊரில் ஒருவன் சொல்லிவிடக் கூடாதே என்று அத்தனை பாடு.

தலையை நிமிர்த்தியபோது கலைமணி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லீங்க, நல்லாத்தான் இருக்குது. எனக்குத்தான் என்னமோ தோணிப்போச்சு. அனுப்பிருங்க" என்றாள்.

அங்கேதான் அவருக்குச் சுருக்கென்றது. குழம்பில் ஒரு கல் உப்புக் கூடினாலும் விருந்துக்குப் போன வீடு என்றுகூடப் பாராமல் சொல்லிவிடுகிறவள் கலைமணி. அவள் வாயிலிருந்து 'நல்லாத்தான் இருக்குது'! தன் வாய்ப்பே கைவிட்டுப் போனாலும் போகட்டும், இவர் வீம்புக்கு அடி விழ வேண்டாம் என்று நினைத்துவிட்டாள். அந்த நினைப்பு கரகரப்பைவிட மோசமாக இருந்தது. அனுப்பும் பொத்தானுக்குப் போன கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"பொய் சொல்லாத."

அவள் சேலைத் தலைப்பால் கழுத்து வியர்வையைத் துடைத்தாள்.

"எனக்குக் கேக்கல, கலைமணி. கொஞ்ச நாளாவே சரியாக் கேக்கறதில்ல." சொல்லிவிட்டார். சொன்ன பிறகு கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை.

"தெரியுமுங்க."

"எப்பத் தெரியும்?"

"நான் திட்டறப்பெல்லாம் சிரிச்சுட்டே ஒக்காந்திருந்தீங்களே, அப்பவே."

தீர்த்தகிரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, திரைப் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். காது போனால் கண் இருக்கிறதே! பதிந்த குரல் அங்கே மேடும் பள்ளமுமாக நீண்டு கிடந்தது. அதை உற்றுப் பார்த்தார். மேடுகளின் தலை ஒன்றுகூட முழுசாக இல்லை; வேலிச் செடியைக் கத்தரித்துவிட்ட மாதிரி மட்டமாக நின்றன. குரல் போய் முட்டியிருக்கிறது, மிச்சத்தை வெட்டியிருக்கிறது. அப்படியென்றால் அந்தச் சிவப்பு?

"அடச்சீ! கம்ப்ரசர் மீட்டர்ல முள்ளு செகப்பத் தொட்டா வால்வ மூடுன கையி இது! இங்க வந்து செகப்பப் பாத்துப் பல்லிளிச்சுட்டு நின்னிருக்கறேன் பாரு. ஏய், கலைமணி, தப்பு என்மேல. அழுத்தம் எச்சாப் போச்சு."

குமிழைப் பாதிக்குக் கீழே இறக்கினார். அவளைச் சத்தமாகவும் மெல்லவும் பேசச் சொல்லி, எவ்வளவு கத்தினாலும் பச்சையைத் தாண்டாத இடத்தில் நிறுத்தினார். பிறகு நாற்காலியை அவள் கண்ணுக்குப் படுகிற மாதிரி நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"ரிக்கு ஓடறப்ப ஒருத்தன் பேசறது ஒருத்தனுக்குக் கேக்காது. எல்லாங் கையிலதான். கை இப்படி மடங்குனா நிறுத்து. இப்படிச் சுத்துனா போ. கீழ அமுக்குனா கொரலக் கொற. நீ காதுல கேளு, நான் கண்ணுல பாத்துக்கறேன்."

"சரீங்க, டிரில்லரே" என்றாள் கலைமணி.

வாசித்தாள். பேருந்து போன பிறகு அந்தப் பெண் கோபத்தில் கத்துகிற இடத்தில் அவர் உள்ளங்கை கீழே அமுங்கியது. அவள் கோபத்தைக் குறைக்காமல் குரலை மட்டும் இறக்கினாள். ஒரு வாக்கியம் முடிந்து அவள் வாய் மூடியிருந்தபோது திரையில் கோடு தானாக நடுங்கியது. அவர் கை மடங்கியது. அவள் நின்றாள். தெருவில் ஒரு லாரி போய் மறைந்தது. கோடு அடங்கியதும் அவர் விரல் சுற்றியது. விட்ட இடத்திலிருந்து அவள் தொடர்ந்தாள். கம்ப்ரசர் இரைச்சலில் பழகிய கை, ஊசி விழுந்தாலும் கேட்கிற அறையில் அவ்வளவு அழகாக வேலை செய்தது. வார்த்தைகளில் பாதியை அவர் அவள் உதட்டிலிருந்துதான் பிடித்தார். ஆனாலும் கதை முடிகிற இடத்தில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன பொம்பளை இவள், என்று இருந்தது.

கலைமணி ஹெட்போனில் முழுவதும் கேட்டாள். அவர் அவள் முகத்தைக் கேட்டார்.

"சுத்தமா இருக்குதுங்க" என்றாள்.

"நெசமா?"

"மூணாவது பக்கத்துல என்ற மூச்சுச் சத்தம் கொஞ்சம் எச்சா இருக்குது. மத்ததெல்லாம் சுத்தம்."

குறை சொல்லிவிட்டாள், அப்படியானால் நிஜம்தான். அந்த மூன்றாம் பக்கத்தை மட்டும் மறுபடி பதிந்து, ஒட்டி, வெயில் சாய்வதற்குள் அனுப்பிவைத்தார்கள்.

இருட்டுவதற்கு முன்பே பதில் வந்துவிட்டது. இருவரும் வாசலில் நாற்காலி போட்டுக் காற்று வாங்கிக்கொண்டிருந்தார்கள். எதிர்வீட்டுக் காளியப்பன் ஸ்கூட்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். குழாயடியில் இரண்டு பெண்கள் குடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கலைமணி போனைப் பார்த்தாள். அவர் பக்கம் குனிந்து வாசித்தாள்.

"கம்பெனிக்காரங்க என்ற கொரல எடுத்துக்கறாங்களாமுங்க. ஒலிப்பதிவு நெம்பச் சுத்தமாம். எந்த ஸ்டுடியோ, இன்ஜினியர் யாருன்னு கேக்கறாங்க."

தீர்த்தகிரி காதுக்குப் பின்னால் கையை மடித்து வைத்துக்கொண்டார்.

"கேக்கலியே, புள்ள. எனக்குத்தான் காது மந்தமாச்சே. சத்தமாச் சொல்லு."

அவள் கொஞ்சம் குரலை உயர்த்திச் சொன்னாள். அவர் உதட்டைப் பிதுக்கினார். அவள் எழுந்து நின்று, கம்பெனிக்காரர்களுக்குப் பிடித்துப்போன அந்தக் குரலில், தெருமுனை வரைக்கும் கேட்கிற மாதிரி முழுவதையும் வாசித்தாள். காளியப்பன் குழாயை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். குடம் நிறைந்து வழிந்ததை அந்தப் பெண்கள் கவனிக்கவில்லை.

"அந்த இன்ஜினியரு யாருன்னு கேட்டாங்களே, அத மட்டும் இன்னொருக்காச் சொல்லு" என்றார் தீர்த்தகிரி. அவருக்கு முதல் தடவையே நன்றாகக் கேட்டிருந்தது.