முனீப் நானாவின் கையில் இருக்கும் பாரை

1.

இந்தக் கதை ஒரு விளம்பரத்திலிருந்து பிறந்தது. அந்த விளம்பரத்தை எழுதியவனும் நான்தான். ஆகவே இதில் நடக்கும் பிழைகளுக்கு வேறு ஆளைத் தேடவேண்டாம்.

கிண்ணியா முனீப் நானா முப்பது வருடம் வீச்சு வலை எறிந்தவர். போன வருடம் வலது தோள்மூட்டு கைவிட்டது. இனி வலை எறிய ஏலாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். போட் இருக்கிறது, கடல் இருக்கிறது, தோள் இல்லை. அப்போதுதான் நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் ஒன்றில், ஈத்தூண்டில்காரரைக் கடலுக்குக் கூட்டிப்போக ஒரு வழிகாட்டி தேவை என்றார்கள். இறகும் நூலும் சுற்றி ஈயைப்போலச் செய்த கொக்கியை வீசி மீனை ஏமாற்றும் கலை அது. முதல் ஆள் சந்தோசமாகத் திரும்பிப் போனால் வேலை முனீப் நானாவுக்கு. இல்லாவிட்டால் அவர் கரையில்.

"மாஸ்டர், நீங்க கதை எழுதுற ஆள்தானே. விளம்பரத்துக்கு நாலு வரி எழுதித் தாங்க."

நான் ஆறு வரி எழுதினேன். ஆறாவது வரி: 'பிடிபடும் ஒவ்வொரு மீனும் உயிருடன் கடலுக்கே திரும்பும்.'

"பிடிச்சிட்டு ஏன் விடுற?"

"அதுதான் இப்ப நாகரிகம், நானா. அவங்களுக்கு மீன் தேவையில்லை, போட்டோ போதும்."

"அப்ப கரையில நிண்டு போட்டோவெப் பிடிக்கலாமே."*

(* இந்த வசனத்தை என்னுடையதாக வேறொரு கதையில் போட்டுப் பாராட்டும் வாங்கிவிட்டேன். அவருக்குத் தெரியாது.)

2.

தொடக்கம் அ: கொட்டியாரக்குடாவின் மேல் விடியல் தன் பொன்விரல்களால் மெல்ல —

விடியல் அப்படி ஒன்றும் செய்யவில்லை. மேகம்.

தொடக்கம் ஆ: மனிதன் ஏன் மீன் பிடிக்கிறான் என்ற கேள்வி ஆதிகாலந்தொட்டே —

பசியில். அடுத்தது.

தொடக்கம் இ: அந்த முதல் ஆள் என் சித்தப்பாவின் மகன் இராகுலன்.

இது பரவாயில்லை. உண்மையும்கூட.

ரொறன்ரோவிலிருந்து வந்தவன். பதினான்கு பொக்கெட் வைத்த மேலங்கி போட்டிருந்தான். பதின்மூன்று வெறுமை, ஒன்றில் வெயிலுக்குப் பூசும் கிறீம். இங்கே லிங்கநகரில் பிறந்து, ஏழு வயதுவரை அலையைக் கண்டால் அழுதவன். (இந்த வரியை அழிக்கச் சொல்வான். அழிக்கமாட்டேன்.)

3.

இரண்டு நாள் மீன் படவில்லை. இராகுலன் வீசியதில் அகப்பட்டவை: ஒரு ஷொப்பிங் பை, முனீப் நானாவின் தொப்பி, என் இடது காது.

"அசையாதேங்கோ அண்ணை. எதிர்முள் இல்லாத கொக்கி, லேசா வந்திடும். மீனுக்கு நோகாது."

"நான் மீன் இல்லையடா."

முனீப் நானா எஞ்சினடியில் இருந்துகொண்டு, "மாஸ்டரையும் உயிரோட விடுவீங்கதானே?" என்று கேட்டார்.

இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இராகுலனைக் கேலிப்படமாக்கி வைத்திருக்கிறேன். அது எனக்குச் சுலபம், ஆகவே பிழை. மூன்றாம் நாள் காலை நூலைச் சிக்கெடுத்துக்கொண்டே அவன் சொன்னதை மறைப்பது நியாயமில்லை:

"அண்ணை, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. நான் இதுவரைக்கும் ஒரு மீனும் பிடிச்சதில்லை. அங்கையும்தான். ஏழு வருசமா வீசுறன்."

(சொல்லிவிட்டேன். மன்னித்துக்கொள் தம்பி.)

3. மறுபடியும்

முன்னையது அனுதாபத்தில் முடிந்துவிட்டது. மீன் இனிமேல்தான் வருகிறது.

"சத்தம் போடாதீங்க. வலப்பக்கம், கல்லடியில. எட்டுப் பாகத் தூரம் எறிங்க," என்றார் முனீப் நானா.

இராகுலன் எறிந்தான். தண்ணீர் வெடித்தது. இருபது நிமிடம் முனீப் நானா வாயாலேயே மீன் பிடித்தார். "விடுங்க, ஓடட்டும். இப்ப சுத்துங்க. இழுக்காதீங்க மனே, அது களைக்கட்டும்." தூண்டில் இராகுலனின் கையில், முனீப் நானாவின் நோவெடுத்த தோளோ அதோடு சேர்ந்து ஆடியது.

பாரை. என் கை நீளம். முனீப் நானா போட் விளிம்பில் குனிந்து, இடது கையால் வாலடியைப் பிடித்து நீரிலேயே வைத்துக்கொண்டு, மற்றக் கையால் கொக்கியைக் கழற்றினார். இராகுலன் கறுப்புக் கண்ணாடிக்குள் அழுதுகொண்டிருந்தான்.

"அண்ணை, விடுறதை வீடியோ எடுங்கோ. நானா, நான் மூண்டு எண்ணேக்க விடுங்கோ."

போன் என் கையில். திரையில்தான் முதலில் கண்டேன். எதிர்முள் இல்லாத கொக்கி செவுளைக் கிழித்திருந்தது. இரத்தம் நீரில் புகைபோல விரிந்தது.

முனீப் நானா குரலைத் தாழ்த்தினார். "மாஸ்டர், இது தப்பாது. விட்டாச் செத்து மிதக்கும். திங்கிற மீனெ வீணாக்குறது பாவம்."

"அவனிட்டச் சொல்லுங்க."

"சொன்னா அந்தப் பிள்ளைட மொகத்தெப் பாக்க ஏலுமா? ஹோட்டல்ல என்ன சொல்லும்? ஒவ்வொரு மீனும் உயிரோட திரும்பும் எண்டு எழுதின நீங்க. நீங்களே சொல்லுங்க, என்ன செய்ய?"

4.

முடிவு ஒன்று: முனீப் நானா உண்மையைச் சொல்கிறார். இராகுலன் அவரைக் கட்டிப்பிடிக்கிறான். அவருடைய மனைவி சுஹைரா பாரையைக் கறியாக்குகிறார். ஹோட்டல்காரரும் விரலை நக்கிக்கொண்டே வேலையைக் கொடுக்கிறார். வாசிப்பவருக்கு மனது நிறையும். எழுதியவனுக்கு வெட்கம் வரும்.

முடிவு இரண்டு: விடுகிறார். பாரை இரண்டு பாகம் நீந்தி வெள்ளை வயிற்றைக் காட்டுகிறது. வீடியோ அதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. வேலை கிடைக்கிறது. கரை வரைக்கும் முனீப் நானா திரும்பித் திரும்பிப் பார்த்தபடி போட்டை ஓட்டுகிறார். இதற்குப் பரிசு கிடைக்கலாம்.

முடிவு மூன்று: நான் போனை இறக்கி, நிமிர்ந்து நின்று, 'பிழை என்னுடையது' என்று துணிவாக —

யார் இந்த ஆள்? எனக்கு இவரைத் தெரியாது.

5.

ஆகவே எல்லாரும் இன்னும் போட்டில்தான் இருக்கிறோம். நான் வீடியோ எடுப்பதுபோல நிற்கிறேன், பட்டனை அழுத்தவில்லை. இராகுலன் சிரித்துக்கொண்டு, "ஒண்டு" என்கிறான். பாரை கனம். முனீப் நானாவின் இடது கை களைத்துவிட்டது. வலது கையையும் கொடுத்திருக்கிறார்.

அவர் என்னைத்தான் பார்க்கிறார். நான் உங்களைப் பார்க்கிறேன்.

கெதியாகச் சொல்லுங்கள். அந்தத் தோள் கனநேரம் தாங்காது.