பக்கத்து சீட்டில் பிரேக் இல்லை

பதினெட்டு முடிந்ததும் என் மகள் லைசென்ஸ் வாங்கிவிட்டாள். வாங்கின கையோடு வேலையும் தேடிக்கொண்டாள். ஊருக்கு வெளியே, ஆஸ்பத்திரித் துணிகளைத் துவைத்துத் தேய்த்து அனுப்பும் பெரிய சலவைக்கூடம். அந்தப் பக்கம் பஸ் போகாது. சொந்தமாக வண்டி இருந்தால் திங்கட்கிழமை வந்து சேர், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார்கள். அதனால் அவளுக்கு ஒரு பழைய கார் வேண்டியிருந்தது. பார்த்து எடுத்துத் தர வேண்டியவன் நான்.

வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம். நான் வேலை செய்வது வண்டி உடைக்கும் யார்டில். மோதி நசுங்கின கார்கள் வந்து இறங்கும். கதவு, கண்ணாடி, சீட்டு என்று விலை போவதைக் கழற்றிக்கொண்டு மிச்சத்தை எடைக்குத் தள்ளுவோம். இத்தனை வருஷமாக நான் காரைப் பார்ப்பது அது செத்த பிறகுதான். உயிரோடு நிற்கிற காரை எனக்குப் பார்க்கத் தெரியாது. பளபளவென்று ஒன்று நின்றால், இதன் மூக்கு எதுவரை உள்ளே போகும், கதவு எந்த இடத்தில் மடங்கும் என்றுதான் கண் ஓடும். பிணவறைக்காரனை மாப்பிள்ளை பார்க்க அனுப்பின மாதிரி.

வேலை முடிந்து, கைக் கிரீஸ் போகாமலே, மகளோடு பஸ் ஏறி ஏறி அலைந்தேன். முதல் வண்டிக்குக் கூரை மெலிசு என்றேன். அடுத்ததன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு டால்டா டப்பா என்றேன். மூன்றாவது சாம்பல் நிறம், மழையில் எதிரே வருகிறவன் கண்ணுக்குத் தெரியாது என்றேன். திரும்பி வரும்போது மகள் பஸ் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

நான்காவது சிவப்பு. சின்ன வண்டி. ஒரு டீச்சரம்மா விற்க வைத்திருந்தார். மகள் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைத் தன் உயரத்துக்குத் திருப்பிக்கொண்டாள். "ப்பா, இதுதான்ப்பா" என்றாள்.

நான் சீட் பெல்ட்டை இழுத்துப் பார்த்தேன். ஆள் உட்கார்ந்திருக்கும்போது வண்டி எங்காவது மோதியிருந்தால் பெல்ட் இழுபட்டு ஓரம் நார்நாராக வந்திருக்கும். இதிலும் நார் வந்திருந்தது.

"இது அடிபட்ட வண்டிங்க" என்றேன்.

"அடியா? ஒரு கீறல்கூட இல்லையே" என்றார் டீச்சரம்மா.

"வெளிய இருக்காது. பெயிண்ட் அடிச்சுடுவாங்க. பெல்ட்டு பொய் சொல்லாதுங்க."

"அது எங்க நாய் கடிச்சதுங்க."

"விக்க வர்றவங்க இப்படித்தான் ஏதாவது சொல்லுவாங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்."

"ப்பா" என்றாள் மகள்.

"நீ சும்மா இரும்மா."

"ப்பா, காலப் பாரு."

குனிந்து பார்த்தேன். காது தொங்கின குட்டி நாய் ஒன்று என் ஷூ லேஸை வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. பாதி லேஸ் ஏற்கெனவே காணாமல் போயிருந்தது.

டீச்சரம்மா சிரிக்கவில்லை. "பொய் சொல்றவகிட்ட நீங்க வண்டி வாங்க வேணாங்க" என்று மகள் கையிலிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, நாயைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

ஒரு ஷூவை இழுத்து இழுத்துத் தெருமுனை வரை நடந்தேன்.

"நீ வண்டி பாக்கலப்பா" என்றாள் மகள். குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "நான் எதுல சாவேன்னு பாக்கற. அப்படிப் பாத்தா ஒரு வண்டியும் தேறாது. வேலைக்குப் போவேணாம்னா போவேணாம்னு சொல்லிடு. பஸ் காசாவது மிச்சம்."

பஸ் வந்ததும் அவளை முன்னால் ஏறவிட்டேன்.

ஐந்தாவதை என் மச்சினன் கண்டுபிடித்தான். தொழிலை விட்டுவிட்ட ஒரு தையல்காரருடைய வண்டி. அகலமான பழுப்பு உடம்பு. வேகம் எடுக்கச் சொன்னால் யோசித்துவிட்டுத்தான் எடுத்தது. நான் எதையும் இழுத்துப் பார்க்கவில்லை, தட்டியும் பார்க்கவில்லை. கையைப் பாக்கெட்டில் விட்டுக்கொண்டு நின்றேன். மகள் தையல்காரரைப் பக்கத்தில் வைத்து ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து இறங்கினாள். "எருமை மேல உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள். "ஆனா நல்ல எருமை."

எருமையை வாங்கியாயிற்று. இன்சூரன்ஸ் எழுதாமல் அதைத் தையல்காரர் வாசலை விட்டு நகர்த்த முடியாது. புதிதாக ஓட்டும் சின்னப் பெண்ணுக்கு அவர்கள் கேட்கிற தொகை எருமையின் விலைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

"உன் பேர்ல போடு மச்சான்" என்றான் மச்சினன். "நீதான் ஓட்டப்போறன்னு சொல்லு. பொண்ணு எப்பவாவது தொடுவான்னு சொல்லு. பாதிக்குப் பாதி குறையும். ஊரே அப்படித்தான் செய்யுது."

"யார்டு லாரிய விட்டா நான் வேற எதுவும் ஓட்டினதில்லயேடா."

"அதான் நல்லது. ஓட்டாதவன் எங்க போய் இடிப்பான்?"

சனிக்கிழமை மகளோடு இன்சூரன்ஸ் ஆபீசுக்குப் போனேன். மேஜைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மாவுக்கு ஜலதோஷம். வெந்நீரை உறிஞ்சிக்கொண்டே கம்ப்யூட்டரைப் பார்த்துக் கேட்டார்.

"வண்டிய முக்கியமா ஓட்டப்போறது யாரு?"

"நான்."

மகள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

"வேலைக்குப் போகவா?"

"ஆமாங்க." யார்டு இருக்கும் இடத்தைச் சொன்னேன்.

"அது உங்க வீட்டுக்குப் பின்தெரு இல்லையா?"

"முட்டி வலிங்க."

மகளுக்கு இருமல் வந்தது.

"பொண்ணு ஓட்டுமா?"

"எப்பவாவது."

அவர் ஒரு தாளை அச்சடித்து நீட்டினார். "படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போடுங்க."

நான் எழுத்துக் கற்றுக்கொண்டது நாற்பதுக்கு மேல். விரல் வைத்துத்தான் போவேன். 'மகள்: எப்போதாவது ஓட்டுபவர்' என்ற இடத்தில் விரல் நின்றது. போன மழைக்காலத்தில் யார்டுக்கு ஒருவர் வந்தார். மகன் ஓட்டிப்போய் மரத்தில் விட்ட கார். பையன் பிழைத்துக்கொண்டான். பின்சீட்டில் இருந்த தலையணையை மட்டும் எடுத்துத் தரச் சொன்னார். இன்சூரன்ஸ் வந்ததா என்று கேட்டேன். "பாலிசி என் பேர்ல. ஓட்டினது யாருன்னு ஒரே ஒரு கேள்விதான் கேட்டாங்க" என்றார். தலையணையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தே போனார்.

"இது சரியில்லங்க" என்றேன்.

"பேர் தப்பா இருக்கா?"

"இல்லங்க. ஓட்டப்போறது இவதான். தினமும். என் முட்டி நல்லாத்தான் இருக்கு."

அவர் ஆச்சரியப்படவில்லை. "முட்டி வலின்னு வர்றவங்கள வெச்சு நான் ஒரு ஆஸ்பத்திரியே நடத்தலாம்" என்று சொல்லிவிட்டு முதலிலிருந்து தட்டினார். புதிய தொகை வந்தது. திரையை எங்கள் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"வண்டியில ஒரு பெட்டி மாட்டலாம்" என்றார். "வேகமாப் போனாலும் சடன் பிரேக் போட்டாலும் எங்களுக்குச் சொல்லிடும். அதுக்குச் சம்மதிச்சா கொஞ்சம் குறையும். மீதிய மாசாமாசம் கட்டலாம்."

"எப்பவும் வேவு பாத்துட்டே இருக்குமா?" என்றாள் மகள்.

"அப்பாவோட வளந்த பொண்ணுதானே, பழகியிருக்கும்."

மகள் தொகையைப் பார்த்தாள், வரப்போகிற சம்பளத்தை மனசுக்குள் அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "வண்டிக்காக வேலைக்குப் போகணும், வேலைக்காக வண்டில போகணும்" என்றாள்.

"எல்லார் பொழைப்பும் அதாம்மா" என்று அவர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மகள் கையெழுத்துப் போட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை வழி பார்த்துவிட்டு வரலாம் என்று புறப்பட்டோம். டேஷ்போர்டுக்கு அடியில் சோப்புக்கட்டி மாதிரி அந்தப் பெட்டி. பிரேக்கை ஓங்கி மிதித்தால் கீச்சென்று கத்தும். நான் பக்கத்தில் உட்கார்ந்து, மேலே இருந்த கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"ப்பா, அந்தப் பக்கம் பிரேக் இல்ல."

"தெரியும்."

"தெரிஞ்சும் மிதிச்சுட்டே வர்ற."

ஒரு சந்திப்பில் குறுக்குத் தெருவில் லாரி தெரிந்தது. "ஏய்" என்று கத்திவிட்டேன். மகள் பதறி மிதித்தாள். பெட்டி கத்தியது. லாரி தன் கோட்டிலேயே, நின்றது நின்றபடி நின்றுகொண்டிருந்தது.

"இது உன் கணக்கு" என்றாள் மகள். "அந்த அம்மாகிட்ட அப்பாவுக்குத் தனியா ஒரு இன்சூரன்ஸ் இருக்கான்னு கேக்கறேன்."

சலவைக்கூடத்தின் கேட் வரை போனோம். சூடான சோப்பு வாசனை வெளியே வரைக்கும் வந்தது. வண்டியைத் திருப்பினாள். அந்த வாரம் முழுக்க யார்டில் கூடுதல் வேலை. கண்ணாடி வழியாக மடியில் வெயில் விழுந்தது. எஞ்சின் ஒரே சுருதியில் உறுமிக்கொண்டிருந்தது. பாலம் வந்தது ஞாபகம் இருக்கிறது. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

விழித்தபோது வண்டி எங்கள் வீட்டு வாசலில் நின்றிருந்தது. சாவி மகளின் மடியில். பெல்ட்டில் என் எச்சில்.

"எப்ப வந்தோம்?"

"ரொம்ப நேரமாச்சு."

"ரவுண்டானா?"

"தாண்டியாச்சு."

"ரயில்வே கேட்டு?"

"அதுவும்தான். நீ அங்கயும் குறட்டை."

"பெட்டி கத்துச்சா?"

"நீ தூங்கினதுக்கப்புறம் அது எதுக்குக் கத்தப்போவுது?"

கைப்பிடியிலிருந்து என் கை எப்போது இறங்கியது என்று தெரியவில்லை. பெல்ட்டைக் கழற்றினேன்.

"நாளைக்கு முத நாள். கூட வர்றியாப்பா?" என்றாள்.

"நான் எதுக்கு? யார்டுல வேலை கெடக்கு."

அவள் பூட்டிவிட்டு வரட்டும் என்று நான் முன்னால் உள்ளே போனேன். ஷூவைக் கழற்றக் குனிந்தேன். நாய் லேஸைத் தின்ற ஷூ தானாகக் கழன்று விழுந்தது. இன்னொன்றை அவிழ்க்கத் தெம்பில்லை. அப்படியே படுத்துவிட்டேன்.