அண்ணன் பேசிய மொழி

துணியை நனைத்து அண்ணனின் உதட்டில் வைத்தான் தம்பி. பாதிரியாரான அண்ணன் கண் திறக்காமல் ஏதோ முனகினார். காலையிலிருந்தே இந்த ஊர்ப் பேச்சுதான்; தாய்மொழியில் ஒரு சொல்கூட வரவில்லை.

"என்னம்மா சொல்றார்?"

அவருக்குச் சமைத்துப்போட்டு, அவரிடமே அண்ணன் தம்பியின் தாய்மொழியைக் கற்றிருந்த உள்ளூர்ப் பெண் கட்டிலருகே குனிந்தாள். "கோயில் கூரை ஒழுகுதாம். மழைக்கு முன்னாடி ஓடு மாத்தணுமாம்."

தம்பி கப்பல் தச்சன். தான் சாகும்முன் மூத்தவனைப் பார்க்கவேண்டும் என்று அம்மா அழுததால், அண்ணனை அழைத்துப்போகக் கடல் கடந்து வந்திருந்தான். "அங்க வந்து என்னத்தடா பேசுவேன்? பாதி வார்த்தை மறந்துபோச்சு" என்று அப்போது சிரித்தே மழுப்பினார் அண்ணன்.

"பெத்தவளைவிட இவங்க ஒசத்தியா?" என்று கத்திவிட்டு, முகம் கொடுக்காமல் திரிந்தான் தம்பி. கோபம் ஆறி அவன் வந்தபோது, அண்ணன் காய்ச்சலில் விழுந்திருந்தார்.

மத்தியானம் அவர் குரல் மாறியது. பாதி அதட்டல், பாதி கொஞ்சல். சமையற்காரி நெற்றியைச் சுருக்கினாள். "யாரோ குள்ளனாம். 'குள்ளா, கையை விட்டுடாதே, தண்ணி ஆழம்'ங்கறார். இங்க அப்படி யாருமில்லையே."

வாசல் நிலை தலையில் இடிக்கும் உயரமுள்ள தம்பி எழுந்து நின்றான். "நான்தாம்மா."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் மண்டியிட்டு அண்ணனின் கையைப் பற்றினான். "விடலேண்ணே." புரிந்ததோ என்னவோ, பிடி இறுகியது. வெயில் தாழும்போது தளர்ந்தது.

சவப்பெட்டிக்குப் பலகை கொண்டுவந்தவன், கோயில் பக்கமே எட்டிப்பார்க்காத படகுக்காரன். புதுப் படகுக்கென்று வைத்திருந்த பலகை. அவன் சொன்னதைச் சமையற்காரி தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "சாமி பிரசங்கம் பண்ணா இவருக்குத் தூக்கம்தான் வருமாம். ஆனா மனுஷன் தங்கமாம்."

தம்பி இழைப்புளியை எடுத்தான். படகுக்காரன் கேட்காமலே பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் காலை அடக்கம் செய்தார்கள். வேறு பாதிரியார் வந்துசேரப் பல நாளாகும் என்பதால், தம்பியே தனக்குத் தெரிந்த மொழியில் ஜெபம் சொன்னான். கூட்டம் தன் மொழியில் பதில் சொன்னது.

எல்லோரும் போனபின் சமையற்காரி அவன் முன்னால் தட்டை வைத்தாள். அவன் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்தான்.

"உங்க பேச்சுல அண்ணனை எப்படிக் கூப்பிடுவீங்க?"

அவள் சொன்னாள். அவன் திருப்பிச் சொன்னான். அவள் இல்லையென்று தலையாட்டி, தன் உதட்டைப் பார்க்கச் சொல்லி, மெதுவாக இன்னொரு முறை சொன்னாள்.