சின்னையன் பேரில் வந்தது

ராமாத்தாள் இறந்துகிடந்த தம்பி சின்னையனின் தலையில் எண்ணெயும் அரப்பும் வைத்துவிட்டு நிமிர்ந்தபோது, பந்தலோரம் நின்ற அர்த்தநாரி வெளியூர்க்காரர்களிடம் அந்தக் கதையைத் தொடங்கியிருந்தார்.

"சின்னையனச் சாதாரணமா நெனச்சுப்போடாதீங்க. பன்னெண்டு வயசுல அவம் பேரு சென்னப்பட்டணத்துப் பத்திரிகையில வந்துச்சுங்க. ஒரே பள்ளிக்கூடம் நாங்க. எங் கண்ணால பாத்தனுங்க."

ராமாத்தாள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே நடந்தாள். அவர் சொன்னது பொய்யில்லை. பேர் சின்னையனுடையதுதான். எழுதியது அவள்.

முப்பத்தைந்து வருடம் ஆகிவிட்டது. கொழிஞ்சாம்பாறைப் பள்ளிக்கூடத்துக்கு, பிள்ளைகள் வாசிப்பதற்கென்றே அச்சடித்த நாலு பக்கப் பத்திரிகை மாதம் ஒன்று தபாலில் வரும். யாக்கோபு வாத்தியார் அதை ஒரு நாளைக்கு ஒரு பிள்ளை என்று வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். தம்பியின் முறை வரும் சாயங்காலம் இருவரும் மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அவள் கடலைக்காய் உரிப்பாள். அவன் எதிரில் உட்கார்ந்து மடியில் பத்திரிகையை விரித்து, விரல் வைத்துச் சத்தமாக வாசிப்பான். பனி கொட்டி வீட்டுக் கூரையையே மூடிவிடும் தேசம், அங்கே பலகையில் உட்கார்ந்து சறுக்கும் பையன்கள், திமிங்கிலம், விடுகதை.

பள்ளிக்கூடம் போகாத அவள் அந்த விரலைப் பார்த்துப் பார்த்தே எழுத்துக்கூட்டக் கற்றாள், தலைகீழாக. ஒருநாள் அவன் தவறவிட்ட வரியை அவள் வாசித்ததும் சின்னையன் வாயைப் பிளந்தான்.

"அக்கா, இக்கட்டால வந்து உக்காரு."

பக்கத்தில் போய் உட்கார்ந்தால் அத்தனை எழுத்தும் வேற்றூர் ஆட்கள் மாதிரித் தெரிந்தன. முறத்துக் கடலை சிதற இருவரும் சிரித்தார்கள்.

உங்கள் ஊர்ப் பறவை ஒன்றைப் பற்றி எழுதுங்கள் என்று ஒரு மாதம் பத்திரிகை கேட்டிருந்தது. அவள் தினமும் தண்ணீர் சேந்தும் கிணற்றுக்கு மேலே பனையில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டியிருந்தன. ஆண் குருவி பாதிக் கூடு கட்டியதும் பெட்டை வந்து பார்ப்பதையும், அதற்குப் பிடிக்காவிட்டால் ஆண் வேறு கூடு தொடங்குவதையும் அவள் சிலேட்டில் தலைகீழாகவே எழுதினாள். அவன் சிலேட்டைத் திருப்பிவைத்துக் காகிதத்தில் பார்த்து எழுதினான். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மட்டும்தான் அனுப்பலாம் என்பதால் அவன் பேரையே போட்டார்கள்.

"அச்சுல வந்துச்சுன்னா நீ எழுதுனதுன்னு அப்பங்கிட்ட நாஞ் சொல்றேன்க்கா" என்றான்.

வந்தது. அப்பா அந்தத் தாளை வாத்தியாரிடம் கேட்டு வாங்கிச் சந்தைக்கே கொண்டுபோய்க் காட்டினார். சின்னையன் சொல்லவில்லை. அன்றும் இல்லை, பிறகும் இல்லை. அவளும் கேட்கவில்லை. அடுத்த தையில் கல்யாணமாகி அத்திக்கோட்டுக்குப் போய்விட்டாள். அவன் வருடம் தவறாமல் பொங்கல் சீர் கொண்டுவந்தான். அவளும் இலை போட்டுப் பரிமாறினாள். உள்ளே ஓரிடம் மட்டும் ஆறவில்லை.

உள்ளறையில் தம்பி மனைவி முத்தாத்தாள் சுவரில் சாய்ந்திருந்தாள். கண்ணீர் வற்றிய முகம். நாத்தனாரைக் கண்டு நிமிர்ந்தாள்.

"அர்த்தநாரியண்ணன் பத்திரிகைக் கதையச் சொல்றாருங்களா, நங்கையா?"

"ம்."

"அது நீங்க எழுதுனதுதானுங்களே."

ராமாத்தாள் சட்டென்று அவள் பக்கம் திரும்பினாள்.

"ஆரு சொன்னா?"

"அவியதான். கல்யாணமான புதுசுல. அப்பறம் ஏன் மாமாகிட்டச் சொல்லலீன்னு கேட்டனுங்க." முத்தாத்தாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். "'அன்னைக்கு அப்பன் என்னத் தூக்கிச் சுத்துனாரு புள்ள. அதுக்கு முந்தி அவரு என்னத் தொட்டுத் தூக்குனதே இல்ல. எறங்க மனசு வரலீ'ன்னாங்க. அக்காகிட்டயாவது சொல்லுங்கன்னேன். அதுக்கு வாய் வரலீங்க. உங்கூருக்குக் கெளம்பறப்பெல்லாம் இன்னைக்குச் சொல்லிப்போடோணும்னுட்டுத்தான் போவாங்க."

ராமாத்தாள் அறை வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பத்திரிகை வந்த அன்று அவள் முற்றத்தில் சாணி கரைத்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் தோளுக்கு மேலே தெரிந்த பையனின் முகம், அவளைக் கண்டதும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. கள்ளமுகம் என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தாள். அப்பா யாரையும் கொஞ்சுகிறவர் இல்லை. அவளையும் கொஞ்சியதில்லை.

பாடை கட்டி முடிந்து எல்லோரும் எழுந்தார்கள். அர்த்தநாரி அவளைக் கண்டதும் அருகில் வந்தார்.

"அக்கா, என்னமோ கிளியப் பத்தித்தான எழுதுனான்? இவிக கேக்கறாங்க."

"தூக்கணாங்குருவி, அர்த்தநாரி." அவள் படியிலிருந்து எழுந்தாள். "தம்பிதான் எழுதுனான். நாங் கூடவே உக்காந்திருந்தேன்."

அறைக்குள் முத்தாத்தாள் தலைகுனிந்தாள்.

பறைச்சத்தம் வரப்புகளைத் தாண்டித் தேய்ந்தபின் பெண்கள் குளிக்க எழுந்தார்கள். கொல்லையில் அண்டா நிறையத் தண்ணீர் இருந்தது. ராமாத்தாள் முத்தாத்தாளைக் கைபிடித்துக் கூட்டிவந்து கல்லின்மேல் உட்காரவைத்தாள்.

"கண்ண மூடிக்கம்மிணி" என்று முதல் செம்பை அவள் தலையில் ஊற்றினாள். தண்ணீர் கல்லிலிருந்து வழிந்து, காய்ந்த மண்ணில் வேலிவரை கறுப்பாக ஓடியது. ராமாத்தாள் இரண்டாவது செம்பை மொண்டாள்.