நிலாவுக்குப் போய்வந்த ஆறு பேர்

அமெரிக்காவின் லிங்கன் நகரத்தில், பல்கலைக்கழகம் கொடுத்த இரண்டறை வீட்டில், கோரின் நோவாட்னி ஃப்ரிட்ஜைப் பார்த்து ஆய்வேட்டைப் பற்றிப் பேசிப் பழகிக்கொண்டிருந்தாள். நாளைக் காலை மூன்று பேராசிரியர்கள் அவளைக் குடையப்போகிறார்கள். தேறினால் உளவியலில் முதுகலைப் பட்டம், அப்படியே டாக்டர் பட்டத்துக்குப் படிப்பு தொடரும். தேறாவிட்டால் படிப்பும் போச்சு, இந்த வீடும் போச்சு.

பதினாறு வயது மகள் டெலேனி சாப்பாட்டைத் தொடவே இல்லை. தட்டில் சில்லி என்னும் பீன்ஸ்-கறிக் குழம்பும் சினமன் ரோல் பன்னும் ஆறிக்கிடந்தன.

“அம்மா, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது.”

“காரை இடிச்சிட்டியா?”

“அதைவிட மோசம். உன் ஆராய்ச்சிக்கு எங்க ஸ்கூல் பசங்க ஆறு பேரை அனுப்பினேன்ல? ஒருத்தரும் கேள்வியைப் படிக்கவே இல்ல. தொண்ணூறு கேள்விக்கும் ‘ரொம்பச் சரி’ன்னு அழுத்திட்டு, பீட்சா கூப்பனை வாங்கிட்டு ஓடிட்டாங்க. அப்படிச் செய்யச் சொன்னதே நான்தாம்மா.” அவளுக்கு அழுகை வந்துவிட்டது.

கோரின் மகளை ஏற இறங்கப் பார்த்தாள். “ஐம்பத்திரண்டாம் கேள்வி என்ன தெரியுமாடி? ‘போன வாரம் நான் நிலாவுக்கு நடந்தே போய்வந்தேன்.’”

“என்னம்மா லூசுத்தனமான கேள்வி!”

“உன் கூட்டாளிங்களைப் பிடிக்கத்தான். எல்லா ஆராய்ச்சியிலயும் இப்படி ஒண்ணு ஒளிச்சு வைப்போம். ஆறு பேரும் போயிட்டு வந்திருக்காங்க. மார்ச்லயே அவங்க பதிலைத் தூக்கிட்டேன். அப்படித் தூக்கினதை ஏட்டுலயும் எழுதிட்டேன்.”

“அப்ப ஏன் உன் மூஞ்சி இப்படி இருக்கு?”

“ஏன் ஆறு போச்சுன்னு நாளைக்கு அந்தப் பேராசிரியர் ஹாலோரன் விடாமக் கேப்பாரு. அவருக்கு அதுதான் அல்வா.”

“ஹாலோரனா? அதுல ஒருத்தன் அவர் பையன் கிரிஃப்—”

கோரின் இரண்டு காதையும் பொத்திக்கொண்டாள். “வாயை மூடுடி! யார் எழுதினதுன்னு எனக்குத் தெரியவே கூடாது. அதுதான் விதி!”

மறுநாள் ஹாலோரன் மேசையைத் தட்டினார். “ஆறு பேரும் நிலாவுக்கா? இந்தப் பிள்ளைங்களை எந்த வீட்டுலம்மா வளத்தாங்க?”

கோரின் ஒருவாய் தண்ணீர் குடித்தாள். “பேரைச் சொல்ல விதியில இடமில்ல, சார். ஆனா அப்படிச் செய்யச் சொல்லிக்குடுத்தது என் பொண்ணு. நேத்துதான் ஒத்துக்கிட்டா.”

மற்ற இருவரும் சிரித்துவிட்டார்கள். ஹாலோரன் மட்டும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். “பாவம்மா நீங்க. பிள்ளை வளக்கறது லேசுப்பட்ட காரியமில்ல. வேணும்னா என் பையனை அனுப்புறேன், ரெண்டு புத்தி சொல்லுவான்” என்று சொல்லிக்கொண்டே, அவள் தேறியதாகக் கையெழுத்துப் போட்டார்.